மஞ்சள் அட்டை

மார்ச் 3

அன்பு வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் வயிறு பற்றி எரிந்தது. மாநாட்டுக்கு வர முடியாதாம்! நீ ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில். வருஷத்தில் ஒரு வாரம்தான் நாம் புருஷன் பெண்டாட்டி, அதுவும் இந்த மாநாட்டின் தயவில். அதிலும் கை வைத்தால் எப்படி?

நானூறு கோளியல் விஞ்ஞானிகளைக் கட்டி மேய்க்கிறேன். ஆளாளுக்கு முதல் நாள் காலையிலேயே பேச வேண்டுமாம். ஆய்வுச் சுவரொட்டி மாட்டும் பலகைகள் பாதிதான் வந்திருக்கின்றன. இதற்கு நடுவில் சண்டை போட்டு, கடல் பார்த்த இரட்டை அறை வாங்கி வைத்திருக்கிறேன். உன் விண்கலத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளே இல்லையா?

கோபமும் ஆசையுமாக,
உன் மைக்கு

மார்ச் 9

அன்பு மைக்கு,

ஆள் இருக்கிறது. ஆனால் ஏழு வருஷமாக அந்தக் கலத்துக்கு வழி சொல்கிறவள் நான். அது சனியின் நிலவு ஒன்றைச் சுற்றத் தொடங்குவது உன் மாநாட்டின் இரண்டாம் நாள். கலம் கிளம்பியபோதே தேதியைச் சொன்னேன். நீயும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாய். அரங்கம் கிடைத்த வாரத்தில் மாநாட்டை வைத்துவிட்டு இப்போது என்மேல் பாய்கிறாயே, இது என்ன நியாயம்?

வயிறு உனக்கு மட்டும்தான் எரியுமா? இரட்டை அறைக்காக வருஷா வருஷம் என்னை ‘உடன் வருபவர்’ என்று பதிகிறாய். விஞ்ஞானிகளுக்குக் கழுத்தில் நீல அட்டை, எனக்கு மஞ்சள். போன வருஷம் உள்ளே என் கலத்தைப் பற்றித்தான் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பையன் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, “மேடம், மஞ்சள் அட்டைக்கு உள்ள அனுமதி இல்ல. ஊர் சுத்திக் காட்டுற பஸ் கீழ நிக்குது” என்றான். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு தந்த காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பதினொரு வருஷம் நீ மாநாடு வைத்த ஊருக்கெல்லாம் நான் வந்தேன். இந்த ஒரு தடவை நீ வா. கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்தில் உனக்கொரு நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன் வாலு

மார்ச் 14

வாலு,

ஒரு அட்டைக்கா இவ்வளவு கோபம்? வெறும் நிறம்தானே! நான் இல்லாமல் மாநாடு எப்படி நடக்கும், நீயே சொல்.

ஒன்று செய். கலம் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்தே காணொளியில் பேசு. பெரிய திரையில் போடுகிறேன், கூட்டம் அலைமோதும். இரட்டை அறையை ரத்து செய்யவில்லை. மனசு மாறினால் வந்துவிடு.

மைக்கு

ஏப்ரல் 22

மாநாட்டு அமைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கலம் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது. இங்கே எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். உங்களுக்காக வைத்திருந்த நாற்காலியில் கடைசியில் எல்லோருடைய பைகளும் கிடந்தன.

காணொளியில் நான் பேசி முடித்ததும் உங்கள் அரங்கில் எழுந்த கைதட்டல் கேட்டது. அதன் பிறகு நீங்கள் மைக்கைப் பிடித்து, “இவ்வளவு நேரம் பேசினது வேற யாரும் இல்ல, நம்ம வீட்டுக்காரம்மாதான்” என்றதும் கேட்டது. எல்லோரும் சிரித்ததும் கேட்டது. என் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அடுத்த வருஷ மாநாட்டுக்கு இப்போதே என்னைப் பதிந்துகொள்ளுங்கள். கட்டணத்தை நானே செலுத்திவிடுகிறேன். நீல அட்டை வேண்டும். அறை, ஒருவர் தங்குவதாக இருந்தால் போதும்.

இப்படிக்கு,
கோளியல் ஆய்வாளர்