எதிர்க்கடைக்கு வைத்த சீல்

ஏற்காடு,
14.7.2021

அன்புள்ள மகன் ஜெப்சனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஆன்மேரியும் அந்த அசாம் மழையில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்லுவாய், எனக்குச் சமாதானம் வேண்டாம், முழுதாகப் படி. அப்பா இரண்டாவது ஊசியும் போட்டாச்சு, கை வலிக்கிறது என்று இரண்டு நாள் கடைக்கு வரவில்லை, மூன்றாம் நாள் வலி போய்விட்டது, அப்போதும் வரவில்லை. நீ டீ எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாய் என்பதற்காகக் காலையில் வெறும் வயிற்றில் டீயாகக் குடித்துக்கொண்டிருக்காதே.

ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கம் அஞ்சாம் தேதியிலிருந்து எல்லாக் கடையும் திறந்தாச்சு. நமக்கு எதிரே இருக்கிற பொன்னுவேலின் ஸ்வெட்டர் கடை மட்டும் பூட்டில் சீலோடு கிடக்கிறது. அந்தச் சீலை வைக்க வைத்தது நான்தான். ஏன் என்று தெரிய நீ போன வருஷத்துக்குப் போக வேண்டும். அப்போது வாரத்துக்கு ஒரு உத்தரவு, மளிகை திறக்கலாம், டீக்கடையில் பார்சல் மட்டும், இத்தனை மணிக்குப் பூட்டு என்று. காப்பித்தூள் கடை மளிகையா டீக்கடையா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள், மளிகை என்று நாங்களே முடிவு செய்து திறந்தோம். ஆனால் நம் கடையில் சிக்கரி எவ்வளவு சேர்ப்பது என்று அரை டம்ளர் போட்டுக் குடிக்கக் கொடுத்து, வருகிறவர் சரி என்ற பிறகுதானே தூள் அரைப்போம், அந்தப் பழக்கம் போகவில்லை. ஜூனில் ஒருநாள் ஆபீசர் வந்து நின்றார், அவருக்கும் கை தன்னால் அரை டம்ளரை நீட்டிவிட்டது. அவரும் குடித்துவிட்டார். குடித்துவிட்டு, “நொம்ப நல்லாருக்குதுங்கம்மா, ஆனா கடைக்குள்ள குடிக்கக் குடுக்கறீங்கன்னு தகவல் வந்துதான் நான் வந்ததே, இப்ப நானே சாட்சியா ஆயிட்டனே” என்று சொல்லிச் சீல் வைத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு நாள். வறுத்த கொட்டை ஐந்து மூட்டை உள்ளே மாட்டிக்கொண்டது, மழை ஈரத்தில் வாசனை எல்லாம் போய், கடைசியில் அப்பா குழி வெட்டி மூடினார். நான் பக்கத்தில் நின்று அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை.

சீல் வைத்த அன்று பொன்னுவேல் எதிரே போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மறுவாரமே நாலு மூட்டை பருப்பை வாசலில் அடுக்கி மளிகைக்காரனாகி, நம் வாடிக்கைக்குப் பாக்கெட் காப்பித்தூள் விற்றான். தகவல் கொடுத்தது அவனேதான் என்று எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பேப்பரில் வருகிற ஒவ்வொரு உத்தரவையும் வெட்டி வைத்துப் படித்தேன். பைபிளைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை, கர்த்தர் மன்னிப்பாராக. போன மாதம் மறுபடி எல்லாம் அடைத்தபோது அவன் ஷட்டரைப் பாதி தூக்கி, தலைச்சோலையிலிருந்து வந்த காளியாயிக்குக் கைக்குழந்தை ஸ்வெட்டர் எடுத்துக் கொடுத்தான். படம் பிடித்துப் புகார் நம்பருக்கு அனுப்பினேன். ஸ்வெட்டர் அத்தியாவசியம் இல்லை என்று உத்தரவு சொல்கிறது, நானா எழுதினேன்? மத்தியானமே சீல். அன்றைக்குக் காப்பி எனக்கு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ருசித்தது. அப்பாதான், “பச்சக் கொழந்த துணிய வெச்சா பழி வாங்குவ அற்புதம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன திங்கள் அவன் பெண்டாட்டி சிவசக்தி என்னிடமே வந்தாள். “அக்கா, யாரு புகார் குடுத்தாங்கன்னே தெரியலீங்க, அவுங்களே வந்து வாபஸ் எழுதிக் குடுத்தாத்தான் சீல எடுப்பாங்களாம், ஆபீசு வெவரமெல்லாம் உங்களுக்குத்தானுங்க தெரியும், கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க” என்று அழுதாள். விசாரிக்கிறேன் என்றேன். மறுநாள் போகவும் போனேன், எதற்கு என்றால் வேறு யாரும் குறுக்கு வழியில் சீலை எடுத்துவிடக் கூடாது என்று பார்க்கத்தான், உன்னிடம் மறைப்பானேன். அங்கே கிளார்க் பாலகுமார், பழைய பைல் கட்டைத் தள்ளும்போது, “உங்க கடை பைலும் இதுலதாங்கம்மா இருக்குது” என்று எடுத்துக் காட்டினார். யார் புகார் என்று கேட்டேன். “புகாரெல்லாம் யாரும் குடுக்கலீங்க, பேஸ்புக்குல வந்துச்சு” என்றார். பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார்கள் ஜெப்சன். நீ வீடியோ காலில் பார்த்தபோது பிடித்த படம். நம் கடைக்குள் நாலு பேர் முகத்தில் மாஸ்க் இல்லாமல் டம்ளரோடு நிற்கிறார்கள், நடுவில் நான் சிரிக்கிறேன். மேலே உன் பெயர், கீழே நீ எழுதியது: ஊரே அடைச்சாலும் எங்கம்மா கடைல கூட்டம்.

பெருமையில்தான் போட்டிருப்பாய், தெரியும். ஆனால் ஒரு வருஷமாக ஊட்டி வளர்த்த கோபம், அதை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன். கொஞ்சம் உனக்கு இருக்கிறது, இந்தக் கடிதத்தில் அதைத்தான் அனுப்புகிறேன். பொன்னுவேல் ஒன்றும் நல்லவனாகிவிடவில்லை, அந்தப் பருப்பு மூட்டையை நான் மறக்கமாட்டேன். ஆனால் அவன் செய்யாததற்கு அவன் பிள்ளைகள் சோற்றில் நான் கை வைத்துவிட்டேன். வாபஸ் எழுதினால் அவனையும் கூப்பிட்டு எதிரே வைத்து என் பெயரைப் படிப்பார்கள். நேற்று இரண்டு முறை பேனாவை எடுத்தேன், எழுத முடியவில்லை, சிவசக்தி அக்கா அக்கா என்று அழுத முகம்தான் வருகிறது.

அதனால் நீ பொன்னுவேலுக்குப் போன் போடு. மெசேஜ் அனுப்பித் தப்பிக்காதே, வாயால் பேசு. எங்கள் கடை மூடியதற்குக் காரணம் நான்தான், அம்மா உங்களைத் தப்பாக நினைத்துவிட்டாள் என்று சொல். அதைக் கேட்டதும் புகார் கொடுத்த என் சங்கதி அவனுக்குத் தானே விளங்கிவிடும், பிறகு எனக்கும் வாபஸ் எழுதக் கை வரும். திட்டினால் வாங்கிக்கொள், எனக்குரியதையும் சேர்த்து வாங்கு. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த அடுத்த புதன்கிழமை வரை பொறுப்பேன், அதற்குள் நீ பேசாவிட்டால் நானே ஆபீசுக்குப் போய், எல்லார் முன்னாலும் உன் பெயரை முதலில் சொல்லிவிட்டு என் பெயரை அப்புறம் சொல்லுவேன்.

ஆன்மேரிக்கு மிளகு தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் வைக்கச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவாராக, உனக்குக் கூடுதலாகக் கொஞ்சம் புத்தியும் தருவாராக.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா
அற்புதம் ஆண்டனி ராஜ்