பூட்டு இங்கே, தெரு அங்கே

அன்புள்ள மனைவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஆகவே அந்த இரண்டு கேள்விகளையும் அடுத்த கடிதத்தில் கேட்டு இடத்தை வீணாக்காதே. மனசு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதே இல்லை. கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் நானும் பேசாமல் இருந்தேன். இன்று நானே சொல்லிவிடுகிறேன், பொறுமையாகப் படி.

அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். பாப்பா என் போட்டோவைக் காட்டி 'பூட்டு மாமா' என்றாள் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். நானும் வாய்விட்டுத்தான் சிரித்தேன். என்ன சிரிப்பு என்று பக்கத்து அறைக்காரர் கேட்டார். பெற்ற பிள்ளை அப்பனை மாமா என்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன்.

முதலாளி இவ்வளவு தூரம் வந்து இந்தப் பட்டறையைப் போட்டதற்கான காரணங்களை நீயும் கேட்டிருக்கிறாய். பித்தளை கப்பலில் வந்து இறங்கும் துறைமுகம் இங்கே கூப்பிடு தூரத்தில். நிலம் மலிவு, கூலியும் மலிவு, கரண்ட் போவதே இல்லை. நம் ஊரில் என்ன இருக்கிறது? பித்தளை விளைகிறதா, இரும்பு ஊறுகிறதா? எந்தக் காலத்திலோ எவனோ ஒருவன் வேறு பிழைப்புக் கிடைக்காமல் ஒரு பூட்டைச் செய்திருப்பான். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்த்து, நாமும் செய்தால் என்ன என்று உட்கார்ந்திருப்பான். இப்படித்தான் அது பூட்டு ஊர் ஆகியிருக்கும். ஒன்றுமே இல்லாத இடத்தில் இவ்வளவு நடக்கிறதென்றால் எல்லாம் இருக்கிற இடத்தில் எவ்வளவு நடக்கும் என்று முதலாளி கேட்டார். நானும் ஆமாம் சாமி போட்டேன். மேஸ்திரி என்று பட்டம் கொடுத்தால் யாருக்குத்தான் தலைகால் புரியும்?

இங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் கயிற்றுப் பட்டறையில் இருந்த பெண்கள். படகும் வலையும் நிறைந்த ஊர், அதனால் வீதிக்கு வீதி கயிறு திரிக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருப்பவளைப் பெரியக்கா என்கிறார்கள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் அவள் பார்க்கிற பார்வைக்கு நானும் பெரியக்கா என்றே கூப்பிடுகிறேன். முதல் நாள் எல்லாரையும் நிற்கவைத்து, பூட்டு வேலை தெரிந்த கை பட்டினி கிடக்காது, கயிற்றை விட்டுவிட்டு நம்பி வாங்க என்று வாய் கிழியப் பேசினேன். நம்பி வந்தார்கள். கயிற்றுப் பட்டறையில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேறு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேலையைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. நம் தெருவில் அரம் மழுங்கினால் நான் வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பேன். எதிர்வீட்டு அரக்காரர் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு தீட்டிக் கொடுப்பார். முலாம் பிசகினால் மூலை வீட்டில் மச்சான் இருக்கிறான். ஸ்பிரிங் சரியில்லை என்றால் சுவரைத் தட்டினால் போதும், அடுப்பில் குழம்பு கொதித்தாலும் நீ புதிதாகச் சுற்றிக் கொடுத்துவிடுவாய். இங்கே ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் லாரி வரும்வரை இத்தனை பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். லாரியில் வருவதும் அளவு தப்பாக வரும். திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி காத்திருப்போம். மெஷினையெல்லாம் துணி சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தோம். தெருவைக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் நடந்த கூத்தைக் கேள். இங்கே செய்த முதல் பூட்டை நம் பட்டறைக் கதவிலேயே மாட்ட வேண்டும் என்று பெண்களுக்கு ஆசை, மாட்டியிருந்தோம். முதலாளி வந்த அன்று காலையில் பார்த்து அது மக்கர் பண்ணிவிட்டது. சாவி சுற்றிச் சுற்றி வருகிறது, பூட்டு திறக்கவில்லை. முதலாளி வெயிலில் நிற்க, நான் ரம்பத்தால் அறுக்க, ஊரே வேடிக்கை பார்த்தது. "பூட்டுன்னா இதுதான்யா மேஸ்திரி, திருடனாலயும் திறக்க முடியாது, நம்மாலயும் திறக்க முடியாது" என்றார் அவர். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நல்லவேளை.

அறுத்துப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தது. ஒடியாத ஸ்பிரிங்கை யாரு செய்வாங்க என்று பெரியக்கா கேட்டாள். எங்க வீட்டுக்காரிதான் என்றேன். "அப்ப அண்ணியையே கையோட கூட்டிட்டு வந்துடுங்கண்ணே, எதுக்கு லாரிக்குக் காத்துக் கிடக்கணும்?" என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அந்த நினைப்பு ரொம்ப நாளாக என்னிடமும் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி என்னைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். உண்மையைச் சொல்லு, இது இங்க நிக்குமா நிக்காதா என்று கேட்டார். நிக்காது என்றேன். ஏன் என்றதற்கு, சாமான் நேரத்துக்கு வருவதில்லை என்று மட்டும் சொன்னேன். அப்ப மாசக் கடைசியோட மூடிடலாம், நீயும் பாவம் குடும்பத்தோட போய் இரு, பழைய வேலை உனக்கு இருக்கு என்றார். பூட்டுப் பட்டறைக்கே பூட்டு.

நான் சொன்னது பொய்யில்லை. இப்படியே விட்டால் நிச்சயம் நிற்காது. ஆனால் நீயும் அரக்காரரும் மச்சானும் இங்கே வந்து உட்கார்ந்தால் நிற்கும். உங்களைப் பார்த்து இந்தப் பெண்களே நாலு வருஷத்தில் ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொள்வார்கள், இங்கேயும் ஒரு தெரு உண்டாகிவிடும். அந்தப் பாதியை நான் முழுங்கிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி காதில் விழுந்ததுமே, ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது, பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. நீங்கள் மூவரும் கிளம்பிவிட்டால் அங்கே நம் தெரு என்ன ஆகும், அத்தையை யார் பார்ப்பது என்பதெல்லாம் நியாயமான யோசனைதான். ஆனால் அதெல்லாம் அறையை விட்டு வெளியே வந்த பிறகு தோன்றியது. உண்மை எனக்கு வசதியாகவும் இருந்துவிட்டது, அதுதான் சோறு இறங்கவிடாமல் உறுத்துகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று மேலே எழுதினது சும்மா.

மூடப்போவது பெண்களுக்கு இன்னும் தெரியாது. மாசக் கடைசியில் நான் லீவில் ஊருக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருமாகச் சேர்ந்து பாப்பாவுக்கு ஒரு ஊஞ்சல் கயிறு திரித்துக் கொடுத்தார்கள். பெரியக்கா இரண்டு கையாலும் இழுத்துக் காட்டி, "பாப்பா என்ன, நீங்களே உக்காந்து ஆடலாம்ணே, அறுந்தா என்னைக் கேளுங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். கை கூசியது.

முதலாளி மாசக் கடைசிவரை துறைமுகத்தில்தான் இருப்பார். முழுங்கின பாதியை இன்னும் சொல்லலாம். ஆனால் உன்னைக் கேட்காமல் உன் பிழைப்பையும் உன் அம்மாவையும் பெயர்த்துக்கொண்டு வா என்று சொல்ல நான் யார்? அரக்காரரும் மச்சானும்கூட நீ சொன்னால்தான் கேட்பார்கள். என் பேச்சு அந்தத் தெருவில் எடுபடாது என்பது உலகமறிந்தது.

பதிலில் நீ 'வாருங்கள்' என்று எழுதினால் அடுத்த வண்டியைப் பிடித்து வந்துவிடுவேன், இந்தப் பேச்சை உயிருள்ளவரை எடுக்க மாட்டேன். 'வருகிறேன்' என்று எழுதினால் முதலாளியிடம் ஓடுவேன். என் தலையில் இருக்கும் பாரத்தில் பாதியை உன் தலையில் இறக்குகிறேன் என்று தெரிகிறது, கோபித்துக்கொள். ஆனால் வேறு யாரிடம் போய் நான் இதைக் கேட்பேன்?

நீயும் பாப்பாவும் அத்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சீக்கிரம் எழுது. நாளைக்குக் காலையிலும் அந்தப் பெண்கள் எனக்கு முன்னாலேயே வந்து, பட்டறையைப் பெருக்கி வைத்துவிட்டு, இன்னிக்கு என்ன வேலைண்ணே என்று கேட்பார்கள்.

இப்படிக்கு,
உன் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்
வீட்டுக்காரன்