குரல் சரிபார்ப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். பேனா பிடித்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இங்கு நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. அந்த வரியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். எதிர்வீட்டு டீச்சரின் மருமகன் உன் ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் என் சார்பில் பேசுவது இந்த டேப்லெட் அல்லவா? நான் தட்டுகிற ஒவ்வொரு சொல்லும் அந்தக் கம்பெனிக்கும் போய்ச் சேருகிறது என்று நீதானே சொன்னாய்? சேவையை மேம்படுத்துவதற்காக என்று, நாம் படிக்காமலே சரி சரி என்று அமுக்கிய பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம். அவர்களுடைய பூட்டை உடைப்பதைப் பற்றி அவர்கள் வாயாலேயே நான் உன்னோடு பேச முடியுமா? அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை நீ அவ்வளவு உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னபோது நான் "சாப்பிட்டியா?" என்று மட்டும் தட்டினேன். அம்மாவுக்கு அக்கறையே இல்லை என்று நினைத்திருப்பாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதுதான் உண்மை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதி வைத்திருக்கும் அந்தப் புரோகிராமை இணையத்தில் போடாதே. போட்டுவிட்டாய் என்றால், இதைப் படித்த கையோடு எடுத்துவிடு.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால், கண்ணாடி அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பக்கம் பக்கமாக வாசித்துக் கொடுத்தேனே, அதிலிருந்து செய்த குரல் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இப்போது கம்பெனி கை மாறிவிட்டது. இந்த மாதம் முடிந்தால் பழைய டேப்லெட்டில் குரல் வராது. நீ வாங்கி அனுப்பிய புதியதில் வரவேண்டுமென்றால், திரையில் காட்டும் வாக்கியத்தை நான் என் சொந்தக் குரலில் வாசித்து நான்தான் நான் என்று நிரூபிக்க வேண்டும். தொண்டையை எடுத்தவளிடம் பாடிக் காட்டு என்கிறார்கள்.

உன் அப்பா வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தார். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "சார், மேடமையே பேசச் சொல்லுங்க" என்றாளாம். "அவங்களால பேச முடியாதுன்னுதாம்மா உங்க ஆப்பையே வாங்கினோம்" என்றிருக்கிறார். "புரியுது சார். ஒரே ஒரு தடவை பேசினா போதும் சார்" என்றாளாம். அதற்கு மேல் உன் அப்பா பேசியதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பழைய டேப்லெட்டைப் பக்கத்தில் வைத்து அந்த வாக்கியத்தைப் பேச வைத்தும் பார்த்தார். இயந்திரக் குரல் ஏற்கப்படாது, மனிதர் பேசவும் என்று வந்துவிட்டது. தான் செய்த குரலைத் தானே நம்பாத மெஷினை இப்போதுதான் பார்க்கிறேன்.

போன தடவை நீ வந்திருந்தபோது லேப்டாப்பில் அவர்கள் பக்கத்தைத் திறந்து, ஒரு பட்டனை அமுக்கி ஓரத்தில் இன்னொரு பெட்டியை வரவழைத்தாயே, ஞாபகம் இருக்கிறது. வண்ண வண்ணமாகக் கோடுகள் ஓடின. டெவலப்பர் டூல்ஸ் என்றாய். எல்லா பிரவுசரிலும் இருக்கிறது, ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்றாய். ஒரு கோட்டைத் தொட்டு, "இதோ பாரும்மா, உன் குரல் இங்கதான் வருது. வருது, பேசுது, போயிடுது. நம்ம கையில மட்டும் நிக்காது" என்றாய். எனக்கு வேறு எதுவும் புரியவில்லை, அது மட்டும் நன்றாகப் புரிந்தது. நம் வீட்டுக்கு வந்து, நம் சார்பில் பேசிவிட்டு, நம்மிடம் தங்காமல் போய்விடுகிறது. நீ எழுதியிருப்பது அதைப் பிடித்து நிறுத்தி, பூட்டைக் கழற்றி, அவரவர் கையில் கொடுக்கும் புரோகிராம். எனக்கு மட்டும் என்றால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நீ அதை ஊருக்கே திறந்து வைக்கிறேன் என்கிறாய். அங்கேதான் எனக்குப் பயம்.

நீ வேலை பார்ப்பது எங்கே? சினிமாவுக்கும் பாட்டுக்கும் இப்படிப் பூட்டுப் போடுகிற கம்பெனியில். பூட்டுக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொருவர் பூட்டைத் திறந்து தெருவில் வைத்தால் சும்மா விடுவார்களா? சட்டப்படியும் தப்பு என்று நீயே சொன்னாய். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். "ஆபீஸ்ல ஒரு மெயில் வந்திருக்கு, வெளிய ஏதாவது எழுதறீங்களான்னு கேட்டு. எல்லாருக்கும்தான் வந்திருக்கு" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். பேருந்து நிலைய விசாரணை ஜன்னலில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவள் நான். "சும்மாதான் கேட்டேன்" என்று வந்து நின்றவர்கள்தான் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். உன்னுடைய 'எல்லாருக்கும்தான்' எனக்கு அப்படித்தான் கேட்டது. அந்த மெயிலுக்கு என்ன பதில் போட்டாய்? அன்றிலிருந்து இதே நினைப்புதான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த பிறகுதான் நான் அடுப்புப் பக்கத்திலேயே நிற்கிறேன் என்பது தெரிகிறது.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்காதே. அவர் முழுக்க உன் கட்சி. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இன்னொருவன் சாவி வைத்திருப்பதா என்பதுதான் இப்போது இந்த வீட்டில் காலை, மாலை பேச்சு. பிரிண்டரோடு சண்டை இன்னும் முடியவில்லை. வேறு கம்பெனி மையை ஊற்றினார், அது அச்சடிக்க மாட்டேன் என்கிறது. தினமும் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "மை கறுப்பா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்கிறார். டி.வி. தன்னைத் திறக்க ஈமெயில் முகவரி கேட்டதிலிருந்து டி.வி. பார்ப்பதையே விட்டுவிட்டார். பேட்டரியைக் கழற்ற முடியாத போன் போனே இல்லை என்று இன்னும் அந்தப் பழைய போனைத்தான் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார். அவர் சொல்வது எல்லாம் சரிதான். சரியாக இருப்பதால் உன் வேலை தப்பிக்குமா?

எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. போன வாரம் இந்த ஆப் தானாக ஏதோ மாற்றிக்கொண்டது. அடுத்த நாள் உன் அப்பா ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். நான் வழக்கம்போல நல்ல வார்த்தையாக ஒன்றைத் தட்டினேன். டேப்லெட், "மன்னிக்கவும், இந்தச் சொல்லை என்னால் பேச இயலாது" என்றது. என் குரலில்! கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரிடம் நான் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. அது கேட்டுவிட்டது. அன்றிலிருந்து வேண்டுமென்றே துண்டை அங்கேதான் போடுகிறார். நானும் சிரித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து யோசித்தபோது அழுகை வந்தது. மைக் இல்லாமலே நிலையம் முழுக்கக் கேட்கும் என்று மைக்கம்மா, மைக்கம்மா என்று கூப்பிட்டார்களே, அந்த என் வாயில் எது வரலாம் எது வரக்கூடாது என்று எவனோ உட்கார்ந்து முடிவு செய்கிறான்.

இப்போது ஒரு நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது புதிய டேப்லெட் மேசைமேல் அந்தச் சரிபார்ப்புப் பக்கத்தோடு திறந்தே கிடந்தது. அன்று காலைதான் உன் அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் போலப் பேசிப் பார்த்துத் தோற்றிருந்தார். எதிர்வீட்டு டீச்சரும் வாசித்துப் பார்த்தாள். திரையில் இருந்த சிவப்புக் கோடு அசையவே இல்லை. நீ ஸ்பீக்கரில், "ஏம்மா, பதிலே காணோம்!" என்று சத்தம் போட்டாயே, அப்போது அந்தச் சிவப்புக் கோடு பச்சையாகி ஒரு துள்ளு துள்ளியது. குரல் பொருந்துகிறது, திரையில் உள்ள வாக்கியத்தை வாசிக்கவும் என்று எழுத்து வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தாவிட்டாலும் சத்தம் வராது, பழக்கம்.

நீ காலேஜில் படிக்கும்போது போனை எடுத்தால் என் தோழிகள் எல்லாம் நான் என்று நினைத்து உன்னிடம் மாமியார் கதை சொல்லித் தொலைப்பார்கள் அல்லவா? மெஷினுக்கும் அதே மயக்கம்தான்.

உன் அப்பாவிடம் காட்டினேன். "அது பொய். நம்ம பொருளை நாம எடுக்க ஏன் பொய் சொல்லணும்? பூட்டை உடைச்சா அது நேர்மை" என்கிறார். எனக்கு இந்த நேர்மை எல்லாம் வேண்டாம். எதையும் உடைக்க வேண்டியதில்லை, எதையும் இணையத்தில் போட வேண்டியதில்லை, உன் பெயர் எங்கும் வராது. கேட்டால் நான்தான் பேசினேன் என்பேன். என்னை யார் குறுக்கு விசாரணை செய்வது?

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் எங்களோடு பேச்சுப் பயிற்சிக்கு வரும் கண்டக்டரை உனக்குத் தெரியும். அவருக்கும் இதே ஆப், இதே மாதக் கடைசி. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நேற்று சிலேட்டில், "உங்க பொண்ணு செய்யறது எப்ப வரும்?" என்று எழுதிக் காட்டினார். நான் காது கேட்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் எழுதிக் காட்டியிருக்கிறார் என்பதுகூட உறைக்காமல். எனக்கு வழி கிடைத்துவிட்டது, அவருக்கு இல்லை. நீ என்னிடம் இதைத்தான் கேட்பாய் என்று தெரியும். அந்த ஊரில் நிரந்தரமாக இருக்கும் அனுமதி உன் கைக்கு வரட்டும் என்றுதான் சொல்ல முடிகிறது. அதற்குப் பிறகு நீயும் உன் அப்பாவும் சேர்ந்து உலகத்தைத் திருத்துங்கள். நான் குறுக்கே நிற்கமாட்டேன், கண்டக்டரிடமும் நானே போய்ச் சொல்கிறேன். அதற்குள் அவருடைய மாதம் முடிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். என்னைச் சுயநலக்காரி என்று சொல்லிக்கொள். பெற்றவளாக இருந்து பார், அப்போது பேசு.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். உன் அப்பா காய்கறி வாங்கப் போகும் நேரம் பார்த்துச் செய். ஸ்பீக்கரில் போட்டுப் புதிய டேப்லெட்டின் பக்கத்தில் வைக்கிறேன். எதுவும் தட்டி எழுத மாட்டேன். போன்மேல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவேன், உடனே ஆரம்பி. வாசிக்க வேண்டியது இவ்வளவுதான்: "இன்று வானம் தெளிவாக இருக்கிறது. நான் நலமாக இருக்கிறேன்."

உன் ஆபீஸ் குரலில் வாசித்துவிடாதே. அது யாரிடமோ அனுமதி கேட்பது போல இருக்கும். வயிற்றிலிருந்து வரட்டும். நடுவில் மூச்சு வாங்காதே. தெருமுனையில் விளையாடிக்கொண்டிருக்கும் உன்னை விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று கூப்பிடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் நீ மட்டும் திரும்பிப் பார்ப்பாய். அந்தக் குரலில் சொல்.

முதல் வாக்கியம் சுலபம். இரண்டாவதில்தான் எனக்குப் பயம். கொஞ்ச நாளாக நீ எங்களிடம் அதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் குரல் இறங்கிவிடுகிறது. நல்லா இருக்கேம்மா என்கிறாய், பாதிக்கு மேல் காற்றுதான் வருகிறது. உன் அப்பாவுக்கு அது கேட்பதில்லை. குரல் போனவளுக்கு மற்றவர்கள் குரலைக் கேட்பதைத் தவிர வேறு என்ன வேலை? அப்படி வாசித்தால் கோடு பச்சையாகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது நேரத்துக்குச் சாப்பிடு, படுத்துத் தூங்கு, வெளியே எதையும் போடவில்லை என்று அந்த மெயிலுக்கு உண்மையை எழுதிவிட்டு மனதில் எதுவும் இல்லாமல் வந்து வாசி. பச்சை வந்தால் என் குரல் எனக்குக் கிடைக்கும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மெஷின் நம்பினால் நானும் நம்பிவிடுவேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒதுக்கி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன். இங்கு நாங்கள் நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் அம்மா