வேண்டாம் என்று சொல்வதற்கான பணம்

பக்கத்து வீட்டுக் குக்கரிலிருந்து இந்திராயணி அரிசி வேகும் வாசனை வருகிறது. செவ்வாய்க்கிழமை, நண்பகல். வேலை நாளில் இந்த நேரத்துக்கு நான் வீட்டில் சும்மா இருந்ததே இல்லை. புனேவில் நம் சாங்வி வீடு பகலில் எப்படி மணக்கும் என்று இன்றுதான் தெரிகிறது.

இன்று விடுப்பு. நான்கு மணிக்கு மேலாளர் அழைப்பார். பாணேரில் எங்கள் பிரிவையே மூடுகிறார்கள். நொய்டாவுக்கு மாறுகிறாயா, விலகுகிறாயா என்று கேட்பார். மாறினால் அதே சம்பளம், இரவு ஷிஃப்ட், இரண்டு வருடம் வெளியேற முடியாதபடி ஓர் ஒப்பந்தம். பெரும்பாலோர் சரி என்று சொல்லிவிட்டார்கள். கடன் வைத்திருப்பவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உனக்கு எழுதிவிட்டு அவரிடம் பேசலாம் என்று உட்கார்ந்தேன். இதே வீட்டில் என்னோடு இருந்த நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

அரிசியிலிருந்து தொடங்குகிறேன். உனக்குப் பதவி உயர்வு வந்த வாரம். நம் அலுவலக வழக்கம் உனக்குத் தெரியும். சம்பளம் ஏறினால் ட்ரீட், பைக் வாங்கினால் ட்ரீட், கல்யாணம் நிச்சயமானால் ட்ரீட். பாணேரில் ஏதாவது ஒரு மொட்டைமாடி உணவகம். ஏறிய சம்பளம் முதல் மாதமே அங்கே கரையும். எல்லோரும் செய்தோம், எல்லோரும் உள்ளுக்குள் நொந்துகொண்டோம். நீதான் நிறுத்தினாய். கேட்டவர்களிடம் முகம் மாறாமல், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், சோறு போடுகிறேன் என்றாய்.

கூசியது எனக்குத்தான். ட்ரீட் கேட்டவர்களுக்குச் சோறா என்றேன்.

"ஏண்டி, சோறு திங்காதவங்க யாராச்சும் இருக்காங்களா நம்ம டீம்ல?"

செயலியில் வரும் பொன்னி அரிசியின் விலை உனக்கு ஆகவில்லை. தெருமுனைக் கடையில் உள்ளூர் இந்திராயணி வாங்கி வந்தாய். உன் பொள்ளாச்சி வீட்டு அளவில் தண்ணீர் வைத்தாய். புனேவுக்கு வரும் தமிழர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தவறு. அந்த அரிசி தண்ணீரைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். வீடு நிறைய மணம், பானை நிறைய பசை. கூடத்தில் குழு முழுவதும் பசியோடு உட்கார்ந்திருந்தது. குழுவின் மராட்டிப் பெண் எட்டிப் பார்த்து, இதற்குப் போய் இவ்வளவு தண்ணீரா என்று அவள் மொழியில் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நீ பதறவில்லை. பால், தயிர், கடுகு, இஞ்சி. மேலே மாதுளை முத்துக்கள். "தயிர்சோத்துக்கு இப்படித்தான் கொழையோணும்" என்று அறிவித்தாய். பானை காலியானது. அடுத்து பைக் வாங்கியவனும் எங்களை வீட்டுக்குத்தான் கூப்பிட்டான்.

உன் பணக்கணக்கில் சூட்சுமம் ஏதும் இல்லை. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கு வைப்பு நிதிக்கு, ஒரு பங்கு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு. தானாகப் போய்விடும். மீதியில் மாதம் நடக்கும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாமே என்றேன். எதுவும் மிஞ்சாது என்றாய். காலைக் கேப் போய், அவுந்த் வழியாகப் பேருந்து வந்தது. பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் செயலிகள் உன் கைப்பேசியிலிருந்து போயின. பார்க்காத ஓடிடி போனது. போகாத ஜிம்மும் போனது.

ஊருக்குப் போகும் ரயிலில் ஏசி பெட்டியை மட்டும் நீ விடவில்லை. நல்ல செருப்பை விடவில்லை. மருத்துவக் காப்பீட்டைக் கூட்டினாய். "ஒடம்பு நோகற எடத்துல மிச்சம் புடிக்கக் கூடாது."

நான் உன்னைக் கஞ்சப்பிசினாறி என்றேன். செத்தாலும் தள்ளுபடி கேப்பட்டி என்றேன்.

"கேட்டுப் பாக்கறேன்" என்றாய், வெங்காயம் நறுக்கியபடி.

எதற்கு இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன். பேருந்தில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. வீடா, கல்யாணமா, வெளிநாடா? நீ சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"வேண்டாம்னு சொல்றக்குக் காசு வேணும்டி. நேரம் வந்தப்புறம் தேடுனா கெடைக்காது."

அன்று எனக்குப் புரியவில்லை. அடுத்த ஆண்டு உன் புராஜெக்டுக்கு வந்த மேலாளர், கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கத்துகிறவர். விடுமுறை நாளிலும் வரச் சொன்னார். மற்றவர்கள் கழிப்பறையில் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நீ விலகல் கடிதம் கொடுத்தாய். கையில் வேறு வேலை இல்லை. உன் முகத்தில் வீரம்கூட இல்லை. கடையில் பிடிக்காத துணியைத் திருப்பிக் கொடுப்பவள் போல இருந்தாய்.

அதற்குப் பிறகு சில மாதங்கள். முதலில் தூங்கினாய். பிறகு மாநகராட்சி நீச்சல்குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டாய். பேருந்துப் பலகைகளை எழுத்துக்கூட்டி மராட்டி படிக்கப் பழகினாய். புதிதாக வந்த இரண்டு வேலைகளை மறுத்து மூன்றாவதை எடுத்தாய்.

பிறகு அந்த மழைக்காலக் காய்ச்சல். மருத்துவமனை. உன் அப்பாவும் தம்பியும் வந்து உன்னைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனார்கள்.

அலுவலக உணவறையில் நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "பாவம், சேத்துச் சேத்து வச்சா. ஒண்ணுமே அனுபவிக்காமப் போயிட்டா." சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். நான் தட்டைக் கழுவப் போனேன். உன்னைப் பார்த்து நானும் ஃபண்டில் போட ஆரம்பித்திருந்த மாதத் தவணையை நிறுத்திவிடலாம் என்று செயலியைத் திறந்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தது, நீ வேலையை விட்டிருந்த மாதங்களில் ஒரு புதன்கிழமை. வீட்டிலிருந்தே வேலை பார்த்த நாள், நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ குளத்திலிருந்து திரும்பி வந்தாய். ஈரத் தலை, கையில் பாதி தின்ற வாழைப்பழம். கதவருகே நின்று என்னைப் பார்த்துவிட்டு, குளியலறைப் பக்கம் பாடிக்கொண்டே போனாய். அப்படி ஒரு முகத்தை நான் பாணேரின் எந்த மொட்டைமாடியிலும் பார்த்ததில்லை.

அந்த ஊர்க்காரருக்கு இப்போது பதில் சொல்வேன். நீ அனுபவித்தாய். நான் பார்த்தேன்.

தவணையை நிறுத்தவில்லை. கேபை விட்டேன். அம்மா சொன்ன நகைச்சீட்டைப் பாதியாக்கினேன். நீ வைத்த இடத்திலிருந்து எடுத்துச் செய்தேன், அவ்வளவுதான்.

மணி நான்கு. அழைப்பு வருகிறது.

பேசிவிட்டேன். மேலாளர் இந்தியில், மெதுவாகத் தொடங்கினார். நான் நொய்டா வரவில்லை, விலகல் கடிதத்தை இன்றே அனுப்புகிறேன் என்றேன். வேறு வேலை கிடைத்துவிட்டதா என்றார். இல்லை. கல்யாணமா? இல்லை. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? இல்லை. அதற்கு மேல் அவருக்குக் காரணம் தோன்றவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் நொய்டா போக மனமில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது என்றார். நல்ல மனிதர்.

என் குரல் நடுங்கவில்லை. அதை உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

உடனே அம்மாவை அழைத்தேன். திருநெல்வேலியில் அதே ஜவுளிக்கடையில்தான் இன்னும் இருக்கிறாள். காலையிலிருந்து இரவு வரை நிற்கும் வேலை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார்ந்தால் முதலாளிக்கு ஆகாது. மாடிப்படி ஓரத்தில் ஒதுங்கிப் பேசினாள். வேலையை விட்டதைச் சொன்னேன்.

"ஏட்டி, அப்ப வாடகைக்கு? சாப்பாட்டுக்கு என்ன செய்வ?"

"இருக்கும்மா."

என் சிறுவயதில் நான் எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து வந்த பதில் 'இல்ல'. பள்ளிச் சுற்றுலாவுக்கு, புதுப் பைக்கு, எல்லாவற்றுக்கும். அது உண்மையாகவே இருந்தது. அந்த 'இல்ல'வை வைத்துக்கொண்டு எந்த முதலாளியிடம் அவள் எதை மறுத்திருக்க முடியும்?

"எவ்ளோ நாளைக்கு இருக்கு?"

"நல்ல வேலையாப் பாத்து எடுக்குற வரைக்கும்."

யோசித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப சரி. அவசரப்படாத. உக்காந்து தேடு."

நின்றுகொண்டுதான் சொன்னாள். பின்னால் யாரோ அவள் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். வைத்துவிட்டாள்.

செயலியைத் திறந்து என் மாதத் தவணையைக் குறைத்திருக்கிறேன். நிறுத்தவில்லை. புது வேலை வந்ததும் ஏற்றிவிடுவேன். என்னுடைய 'வேண்டாம்' இன்றோடு சொல்லியாகிவிட்டது. இனிச் சேர்வது அம்மாவுடைய 'வேண்டாம்' என்பதற்கு.