சீட் கிடைத்துவிட்டது, அத்தை

என் அருமை வாயாடி அத்தைக்கு,

எனக்குச் சீட் கிடைத்துவிட்டது. பிசியோதெரபி பட்டப்படிப்பு, நாலரை வருடம். உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. கேட்க நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

தஞ்சாவூர் கிளினிக்கில் இத்தனை வருடமாக உதவியாளர் வேலை. ஒத்தடப் பையைச் சூடாக்குவதும், பக்கவாதம் வந்தவர்களைத் தாங்கிப் பிடித்து நடக்க வைப்பதுமாகப் போனது. மேலே படி என்று நீங்கள் நச்சரித்தபோதெல்லாம் பிளஸ் டூ மார்க்கைக் காட்டித் தப்பித்தேன். உயிரியலில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ்.

"மார்க்கு கம்மின்னா என்னடி? நீ புடிச்சு நடத்துனா நடக்க மாட்டேன்னு எந்தக் காலாவது சொல்லுச்சா?" என்று மடக்கினீர்கள். என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டு, தை அறுப்பு முடிந்த கையோடு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேர்காணலுக்கு மாமாதான் துணைக்கு வந்தார். கல்லூரி முதல்வர் ஒரு அம்மாள். என் மதிப்பெண் பட்டியலை நெடுநேரம் பார்த்தார்.

"பாடமெல்லாம் இங்கிலீஷ்லதான். சமாளிப்பீங்களா?"

"மத்தவங்க ஒரு தடவ படிச்சா நான் மூணு தடவ படிப்பேன் மேடம்."

"சின்னக் குழந்தை வேற இருக்கு. யார் பாத்துப்பாங்க?"

"எங்க அத்தை இருக்காங்க மேடம்."

யோசிக்காமல் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. "இல்ல மேடம், தவறிட்டாங்க. பழக்கத்துல சொல்லிட்டேன்" என்றேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னைக் கட்டிய உங்கள் மகனோ துபாயில். சரி, கைக்கு வந்தது போச்சு என்றே நினைத்தேன்.

கதவருகே என் மகள் கவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மாமா உள்ளே வந்தார்.

"நான் பாத்துக்கறேங்க."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"விவசாயங்க. இந்த வருஷம் நடவு வேணாம், தெளிச்சு வுட்டுடறேன்."

நடவு என்றால் ஆள் கூப்பிட்டு நாள் முழுக்க வரப்பிலேயே நிற்க வேண்டும். நேரடியாக விதைத்தால் அந்தப் பாடு இல்லை. ஆனால் அப்படி விதைப்பவர்களைச் சோம்பேறிகள் என்று டீக்கடையில் உட்கார்ந்து கிண்டல் செய்தவர் இவர்தானே? நம்புவீர்களா, அத்தை? அந்த அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. மாமாவைப் பார்த்துச் சிரித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா மெதுவாகக் கேட்டார்: "சடைய மூணாப் பிரிக்கணுமாம்மா, ரெண்டாவா?"

இந்தச் சம்பாவுக்கு விதைத்தும் விட்டார். களை மண்டிக் கிடக்கிறது, ஊரே சிரிக்கிறது. கவியின் சடையும் கோணல்தான். அவள் அப்படியே பள்ளிக்கூடம் போகிறாள். நான் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்கிறேன். ஒன்றும் ஏறுவதில்லை, சில நாள் அழுகையாக வருகிறது.

ஆனால் பாதியில் நிற்க மாட்டேன், அத்தை. உங்களை எரித்த மறுநாள்கூட வயலுக்குப் போன மனிதர், எனக்காக வீட்டில் இருக்கிறார்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டு வாங்க ஏங்கும் மருமகள்,
செல்வி