காணாமல் போகாத கோழி

கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல், கூப்பிட்டபோதெல்லாம் முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்த என் அப்பாவுக்கு,

நாங்கள் இப்போது ரப்பர் தோட்டத்தில் இல்லை. கோல சிலாங்கூர் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்து, அம்மாவும் நானும் இருக்கிறோம். நான் பட்டம் வாங்கியதைப் பார்க்க நீங்கள் இல்லை. இங்கே இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் குரல் பின் வரிசைக்குக் கேட்பதில்லை என்று பிள்ளைகள் முறையிடுகிறார்கள். அது உங்களுக்குத் தெரிந்த சேதிதான்.

தெரியாத சேதி ஒன்று உண்டு. உங்கள் முதுகு எனக்கு வந்திருக்கிறது.

ஒரு வருஷமாகவே காலையில் எழுந்தால் இடுப்பு மரக்கட்டையாக இருக்கிறது. குனிந்து செருப்பு மாட்ட முடியாது. வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கி, இடைவேளை மணி அடிக்கும்போதுதான் உடம்பு மறுபடி என்னுடையதாகும். சனி, ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தால் திங்கட்கிழமை இன்னும் மோசம். ஓய்வெடுத்தால் வலி ஏன் கூடவேண்டும்?

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே அதுதான். படுத்தால் குறைகிறதா, நடந்தால் குறைகிறதா? படுத்தால் என்று சொல்லத்தான் வாய் போனது. அதுதானே நியாயமான பதில்? அப்போது, விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில், அத்தனை ஆட்கள் முன்னால், வேலை வாங்கும் மண்டோர் உங்களைப் பார்த்துக் கத்தியது நினைவுக்கு வந்தது.

"என்னாய்யா, காலையில கெழவன், மத்தியானம் மாப்பிள்ளையா? பேர் கூப்பிடறப்ப மட்டும் எப்பிடிய்யா கூன் உழுவுது?"

நடிப்பு என்றார்கள். நீங்கள் வாளியை எடுத்துக்கொண்டு பால்மரம் சீவப் போவீர்கள்.

"நடந்தால்தான் குறைகிறது," என்றேன். பிறகு உங்களைப் பற்றியும் சொன்னேன். அந்நியர் ஒருவரிடம் நான் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் அழற்சியாம். அது ஆறுகிற இடத்தில் எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். அசையாமல் கிடந்தால் இறுகும், அசைந்தால் இளகும். உடம்பு தன்னையே ஏன் புண்ணாக்கிக்கொள்கிறது என்று கேட்டேன். இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். பெண்களுக்குக் குறைவாகத்தான் வரும் என்று அவர் படித்த புத்தகம் சொல்கிறதாம். அதனால் என் எக்ஸ்ரே படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பயம் இருந்தது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு இருந்ததும் இதுதானா? பார்க்காத ஆளுக்கு நோய்ப் பெயர் வைக்க மாட்டேன் என்றார். குடும்பத்தில் தொடர்ந்து வரும் என்று மட்டும் சொன்னார். முழுதாகக் குணமாகாதாம். மாத்திரை உண்டு. அதோடு தினமும் நடக்கவேண்டும், நீட்டி மடக்கவேண்டும்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? "படுத்துக்க புள்ள, ஓய்வே எடுக்காமத்தான் ஒங்கப்பா அப்பிடி ஆனாரு" என்பதுதான் அவர் பாட்டு. நீங்கள் வேலையை விட்டபின், உங்களைப் பாயிலேயே வைத்துத் தைலம் தேய்த்துப் பார்த்துக்கொண்டவர். நடக்கத்தான் வேண்டும் என்று நான் சொன்னால் அந்தத் தைலமெல்லாம் என்னாவது? அவர் தூங்கும் நேரமாகப் பார்த்துச் சுவரோரம் பயிற்சி செய்துவந்தேன்.

ஒரு விடிகாலையில் பிடித்துவிட்டார். சொல்லவேண்டியதாயிற்று.

"அப்ப நான் அவரப் படுக்க வெச்சது தப்பா?"

"நமக்கு யாரும்மா சொன்னாங்க? தோட்டத்து ஆஸ்பத்திரியிலயும் படுக்கத்தானே சொன்னாங்க."

பாசிர் பெனம்பாங் பக்கமிருந்து மீன் படகுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, அப்பா, அவர் சிரித்துவிட்டார்.

"ஒங்கப்பா எங்கலா படுத்தாரு? நான் அடுப்பு பக்கம் போனா போதும், கோழியக் காணோம், தேடிட்டு வரேன்னு கெளம்பிடுவாரு. லயத்து வீடுகளச் சுத்தி, மாரியம்மன் கோயிலு வரைக்கும் நடை. நம்ம கோழி ஒருநாளும் காணாமப் போனதில்ல. கூண்டுலயேதான் இருக்கும்."

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"கோழிக்கே தெரியும்! திரும்பி வாறப்ப மொகம் தெளிஞ்சிருக்கும். அதான் நானும் கேக்கல."

யாரும் சொல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அப்பா? ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை? தைலம் தேய்க்கும் கை வருத்தப்படும் என்றா?

மறுநாள் என் செருப்பைக் கால் அருகே கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா எழுப்பினார்.

"எந்திரி புள்ள. கோழியத் தேடிட்டு வருவோம்."

மாடி அறையில் எங்களுக்குக் கோழி ஏது? ஆற்றங்கரை வரை மெதுவாக நடந்தோம். திரும்பும்போது இடுப்பு இளகியிருந்தது. பின்தங்கி வந்த அம்மாவைக் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தேன். என்றாவது அது முடியாமல் போனால், உங்களைப் போல முழு உடம்பையும் திருப்பியாவது பார்ப்பேன். அதுவரை ஒரு நாளும் விடாமல் தேடப் போவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

இல்லாத கோழியைத் தேடும்
உங்கள் மூத்த மகள்,
சரசு