ஊதாமல் போன வண்டி

அக்கா,

இன்று காலை மருந்து வாங்கக் கிளம்பியவள், பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்தேன். புதிதாக பெஞ்சு போட்டிருக்கிறான். வெயில் ஏற ஏற அதிலிருந்து ஒரு வாடை கிளம்பியது, தாரும் எண்ணெயும் கலந்த வாடை. தடவிப் பார்த்தால் ஆணி பிடுங்கிய ஓட்டைகள். பழைய ஸ்லீப்பர் கட்டை, அக்கா! தண்டவாளத்தைச் சுமந்த கட்டையை அறுத்து, ஊரார் குந்துவதற்குப் போட்டுவிட்டான் மகராசன். "சாயா வேண்டே அம்மே?" என்று இரண்டு தடவை கேட்டான். மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, நம் பழைய ஊர்ப்பக்கம் போகும் கொல்லங்கோடு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நம் கேபின்மேட்டில் எல்லா வீட்டுக்கும் இந்த வாடைதானே. காய்ந்த சேலையில், ஆறிய சோற்றில், பிள்ளைகளின் தலையில் எல்லாம் அதுதான். அதை ஊரென்று நினைத்து யாரும் கட்டவில்லை. கரி இஞ்சினுக்குத் தாகமெடுத்த இடம். கிணறு வெட்டித் தொட்டி கட்டினார்கள். தொட்டிக்கு ஆள் வந்தான், ஆளுக்கு குவார்ட்டர்ஸ் வந்தது, குவார்ட்டர்ஸுக்கு ஒரு மாரியாத்தாளும் வந்தாள். ரோடு மட்டும் வரவே இல்லை. அரிசி மூட்டையிலிருந்து கல்யாணப் பெண்வரை ரயிலில்தான் வந்திறங்க வேண்டும்.

நானும் அப்படி இறங்கியவள்தான். கேட் கீப்பருக்கு வாக்கப்பட்டு, டிரங்குப் பெட்டியோடு நின்று அழுதவளிடம் முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு கேங்மேன் பெண்டாட்டியான நீங்கள். "என்னத்துக்கு அம்மிணி அழுவற? எத்தன அழுதாலும் அடுத்த வண்டி சாயங்காலந்தான்" என்றீர்கள். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டேன்.

நம் ஊரில் சாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டில் உயிர் போனாலும் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிச் சொல்லுவார். வருகிற வண்டியின் டிரைவர் அவுட்டர் சிக்னலில் தொடங்கி கேட்டைத் தாண்டும்வரை விடாமல் ஊதிக்கொண்டே போவார். அதைக் கேட்ட பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். உங்கள் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போன அன்று வந்தது ஒரு சரக்கு வண்டி. அதுவரை மாரில் அடித்துக்கொண்டு புரண்டவர் நீங்கள். ஊதல் அடங்கியதும் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகி, "ஊதியாச்சு. எடுங்க" என்றீர்கள்.

சில நாள் கழித்து என்னிடம் சொன்னீர்கள்: "நானு சாவறப்பவும் ஒரு வண்டி ஊதோணும் அம்மிணி. இல்லீன்னா போன மாதிரியே இருக்காது."

கரி போய் டீசல் வந்தபோதே தொட்டி காய்ந்துவிட்டது. பிறகு அகலப்பாதை போடப்போகிறோமென்று வண்டிகளை நிறுத்தினார்கள். வண்டி நின்றால் ஊரும் நின்றுவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாற்றல் உத்தரவு வர வர ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. நாங்களும் பாலக்காடு டவுனுக்கு வந்தோம். காலியான குவார்ட்டர்ஸில் ஜன்னலை ஒருவன் கழற்றினான், கூரை ஓட்டை ஒருவன் பிரித்தான். நீங்கள் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் ஓலையில் ஒரு சாளை போட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தீர்கள்.

"லைனு முடிஞ்சா வண்டி வரும். வந்தா நம்மூர்ல நிக்காம போயிருமா?"

"இலவு காத்த கிளிங்க நீங்க" என்று கேலி பண்ணினேன்.

"கிளிக்கு ஒக்கார மரமாச்சும் இருந்துது. டவுனுல உனக்கு என்ன இருக்குது?" என்று என் வாயை அடைத்தீர்கள்.

புதுப் பாதையில் முதல் வண்டி வந்த அன்று என்னையும் வரவழைத்திருந்தீர்கள். பிளாட்பாரம் இருந்த மண்மேட்டில் புதுச்சேலையோடு, கையில் செவ்வந்தி மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றீர்கள். இஞ்சினுக்கு வாழை கட்டி ஜோடித்திருந்தார்கள். வண்டி வந்தது, வேகம் குறையவே இல்லை. அந்தக் காற்றில் மாலை அறுந்து, பூவெல்லாம் என் முகத்தில் அடித்தது.

"அடுத்தது நிக்கும்" என்றீர்கள்.

"நம்ம ஸ்டேசன் பட்டியல்லயே இல்லீங்க்கா."

"பட்டியல்ல இல்லீன்னா? அப்ப நானும் இல்லியா?"

மண்ணில் சிதறிய பூவை நான் பொறுக்கத் தொடங்கினேன்.

போன ஆடியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். தூக்குவதற்கு உங்கள் அண்ணன் மகனும் அவன் கூட்டி வந்த மூன்று பேரும்தான். "செத்த பொறு சாமி, ஒரு வண்டி போவட்டும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க அத்தை, போன் பண்ண ஸ்டேசனா இருக்குது? மாஸ்டரா இருக்காரு? மழ வேற வருதுங்க" என்றான். ஆனாலும் நின்றான், நல்ல பையன்.

வண்டி வந்தது. கரண்டு வண்டி, புகை இல்லை. கேட்டையும் எடுத்துவிட்டதால் அங்கே ஊத வேண்டிய அவசியமும் இல்லை. ஜன்னலிலிருந்து யாரோ வாழைப்பழத் தோலை வீசினார்கள். அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைத்த மரியாதை. அவன் என் முகத்தைப் பார்த்தான், நான் தலையை ஆட்டினேன், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்று பஸ் இறங்கி வரப்பு வழியாக நடந்தேன். தொட்டியின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. சாளை இருந்த இடத்தில் உங்கள் அம்மிக்கல் குப்புறக் கிடக்கிறது, புரட்டிப் போட என்னால் முடியவில்லை. லைனோரம் போய், எவ்வளவு ஒட்டி நிற்கலாமோ அவ்வளவு ஒட்டி நின்றேன். சாகப் போகவில்லை அக்கா. ஆள் நின்றால் டிரைவர் ஊதுவான், அது எனக்குத் தெரியும்.

ஊதினான். அவுட்டர் சிக்னல் இருந்த வளைவிலிருந்தே ஊதினான், விடாமல் ஊதினான். என்னைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டி, "சாகான் நிக்கயாணோ தள்ளே!" என்று, சாகவா நிற்கிறாய் கிழவி என்று மலையாளத்தில் கத்திக்கொண்டு போனான்.

அது உங்களுக்கான ஊதல் இல்லை, எனக்கு விழுந்த திட்டு. கேபின்மேட்டில் ஆயுசைக் கழித்தவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தும் என் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, "ஊதியாச்சு. எடுங்க" என்று.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எடுக்க ஆளும் இல்லை, நீங்களும் இல்லை.